ஊசிமுனை அபாயம்



ரத்தோட்டை, எல்கடுவைப் பகுதிகளிலிருந்து பிணியாளர் பலர் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையை நாடி வருகின்றனர். எந்த வைத்தியசாலையிலும் போலவே, அங்கே தொண்டு புரிவோரையும் ஓர் அபாயம் தொடர்கின்றது. அதன் அளவு ஊசிமுனையே.

நோயாளிக்கு ஏற்றிய ஊசி தவறிப் பிறர் விரலில் தைத்தால், அவ்விரத்தத்திலுள்ள வைரசு உடலுட் புகக்கூடும். எச்.ஐ.வி. தொற்றுவது ஏறக்குறைய 300 தடவைக்கு ஒன்று. ஈரல் அழற்சி 'பி' வைரசோ, தடுப்பூசி பெறாதவரிடம் 100க்கு 6 முதல் 30 வரை தொற்ற வல்லது. செங்கமாரியாகத் தோன்றும் அந்நோய் சிலரிடம் நிலைத்து ஈரலைச் சிதைத்துவிடும்.

ஆயினும் இந்நோய்க்குச் சிறந்த காப்பு உண்டு. அதுவே மூன்று தவணைத் தடுப்பூசி. இலங்கையில் குழந்தைகளுக்கு இது 2003ஆம் ஆண்டு முதலே வழங்கப்படலாயிற்று. அதற்கு முன் பிறந்த ஊழியர் தாம் அதனைப் பெற்றதுண்டா என ஆராய்தல் வேண்டும்.

வைத்தியரும் தாதியரும் மட்டுமல்லர், சிற்றூழியரும் இவ்வபாயத்துக்கு உட்பட்டவரே. குப்பைப் பையில் எறியப்பட்ட ஊசி, மறுநாள் அதனைத் தூக்குபவரின் கையிற் குத்துகின்றது. அது எவருடைய இரத்தம் என்பதை அவர் அறியார். வேலை போய்விடுமோ என அஞ்சி வாய்திறவாதிருத்தலும் கூடும்.

பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடலாகாது. அதற்கென வைத்த கடினமான பெட்டியில் உடனே இடவேண்டும். குத்துப்பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி, தாமதமின்றி மேலாளரிடம் அறிவித்தல் வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணிநேரத்துக்குள் தொடங்கினாலே பயன் உண்டு.

அறிவித்தவரைக் கடிந்துகொள்ளும் இடத்தில், அடுத்தவர் மறைத்துவிடுவார். ஆகவே பொறுப்பிலுள்ளோரின் கனிவும் ஒரு தடுப்பு மருந்தேயாகும்.