கம்பராவில் பனி கொட்டுமா?

இன்னைக்கு ஒரே ஒரு படம்தான். ஹிரோஷிகே 1833-34 வாக்கில் வரைஞ்ச தோக்கைதோ நெடுஞ்சாலை வரிசையில் வரும் 'கம்பரா, இரவுப் பனி'. கூரையெல்லாம் பனி. குனிஞ்சு நடக்கிற மூணு பேர். ரெண்டு பேர் மேடு ஏறுறாங்க, ஒருத்தர் பாதி விரிச்ச குடையோட எதிர்த்திசையில போறார். யார் முகமும் தெரியாது.

என் போன்ல ரொம்ப நாளா இதுதான் வால்பேப்பர். அப்புறம்தான் படிச்சேன்: கம்பரா, சுருகா வளைகுடா ஓரத்து ஊர். குளிர் மிதமா இருக்கும். கால் புதையற பனி அங்கே அபூர்வம். டேட்டாவே தப்புன்னா என் மூளைக்கு அது பக்தான். படத்தை மாத்திட்டேன்.

மனசு மாறினது அச்சுமுறையைப் பார்த்த பிறகு. அந்த வெள்ளை சாயம் இல்லைங்க, வெறும் காகிதம். பனி இருக்கிற இடத்தை ஒவ்வொரு கட்டையிலும் தோண்டி எடுத்துடணும், அங்கே மை படவே கூடாது. எல்லாக் கட்டையிலும் தாள் ஒரே இடத்தில் உட்கார, ஓரத்தில் 'கென்தோ'ன்னு ரெண்டு வெட்டுக்குறி. கொஞ்சம் நகர்ந்தாலும் பனி அழுக்காயிடும்.

வானத்துக் கருமை இன்னும் கஷ்டம். அச்சிடுறவர் ஒவ்வொரு தாளுக்கும் கட்டை மேல ஈரத்தோட மையை இழுத்து மங்க வைக்கணும். பேர் பொகாஷி. அதனாலயே கருமை உச்சியில இருக்கிற பிரதியும் உண்டு, அடிவானத்துல இருக்கிற பிரதியும் உண்டு. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எனக்கு ஒண்ணுல பனி இன்னும் கொட்டப்போகுது, இன்னொண்ணுல கொட்டி ஓஞ்சிருக்கு.

வால்பேப்பர் திரும்ப வந்தாச்சு. கருமை உச்சியில இருக்கிறது.