மார்வலியும் மந்திரிப்பும்
(முண்டியம்பாக்கத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி, நமது சரீரத்துக்குள் ஓர் உயிரணு இன்னோர் உயிரணுவுக்கு எப்படிச் சேதி சொல்லுகின்றது என்பதாகும். இது பட்டணத்துக் காலேஜில் பேசவேண்டியதாயிற்றே, முண்டியம்பாக்கத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இந்த ஊரில் சர்க்கரை ஆலை இருக்கின்றது. 2010-ம் வருஷம் முதல் சர்க்கார் வைத்தியக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. ஆலையை வைத்து இந்தச் சங்கதியை விளக்கிவிடலாம். அந்த ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேருவதற்கு இதைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

பழைய ஆலைகளில் கொதிகலனில் உண்டாகும் நீராவி உள்ளே அடைபட்டிருக்கும்வரை யந்திரத்தை ஓட்டும். அதையே கொஞ்சம் வெளியே விட்டால் சங்காக ஊதும். நீராவி ஒன்று, வேலை இரண்டு. நம் சரீரத்திலும் அப்படி ஒரு வஸ்து உண்டு. அதற்கு அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்று பெயர். உயிரணுவுக்குள் இருக்கும்வரை அதுதான் தசையை அசைப்பதும் இருதயத்தைத் துடிக்கச் செய்வதும். இதை 1929-ல் அமெரிக்காவில் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? பீமவரத்தில் பிறந்து, நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே வருஷம் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். சுப்பாராவ் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கை என்று கேட்டால் மாத்திரம் உடனே சொல்லிவிடுவார்கள்!

இந்த வஸ்துவே வெளியே வந்து சங்காகவும் ஊதுகின்றது என்று 1972-ல் சொன்னவர் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் என்னும் விஞ்ஞானி. எரிபொருள் எங்கேயாவது சேதி சொல்லுமா என்று சக விஞ்ஞானிகளே வெகு காலம் ஒப்பவில்லை. அதற்காக அவர் மடம் கட்டவில்லை. நம்பினவனுக்கு மோட்சம் என்று சொல்லவுமில்லை. சோதனைக்கு மேல் சோதனையாகச் செய்து காட்டினார். கடைசியாக 1990-களில் அந்தச் சேதியைக் கேட்கும் காதுகளையே பிரித்தெடுத்துக் காட்டினபிறகு வாதம் அடங்கிற்று. அந்தக் காதுகளுக்குத்தான் ஏற்பிகள் என்று பெயர்.

அடினோசினை அடிக்கட்டையாக வைத்துக்கொண்டால், ட்ரைபாஸ்பேட் என்பது மூன்று கணு ஒட்டிய கரும்பு. ஒரு கணு ஒடிந்தால் டைபாஸ்பேட். எல்லாம் ஒடிந்தால் மிஞ்சுவது வெறும் அடினோசின். இவைகளைக் கேட்க மனித சரீரத்தில் 19 வகை ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றில் 4 அடினோசினுக்கு உரியவை. நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்துக்கு அழைக்கின்றது. காப்பியில் உள்ள வஸ்து அந்த ஏற்பியில் போய்க் குந்திக்கொள்ளுவதால் அழைப்பு காதில் விழுவதில்லை. இன்னொன்று: சிலருக்கு இருதயம் திடீரென்று தறிகெட்டு ஓடும். வைத்தியர் அடினோசினையே ஊசியில் போட்டு அதைச் சில விநாடி நிறுத்தி, மறுபடி ஒழுங்காக ஓடச் செய்கிறார். இதற்கு எமனிடம் யாரும் உத்தரவு கேட்பதில்லை.

இனி நமக்கு வேண்டிய சங்கதிக்கு வருவோம். இருதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் படிந்துள்ள கொழுப்புக்கட்டி வெடித்தால், ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் அது காயம் என்று எண்ணி அடைக்க ஓடிவருகின்றன. வந்தவை டைபாஸ்பேட்டை வெளியே விட்டு மற்ற தட்டணுக்களையும் கூப்பிடுகின்றன. 1961-லேயே இந்த வஸ்து தட்டணுக்களை ஒட்டவைப்பது தெரிந்துவிட்டது. கூப்பிடுவதைக் கேட்கும் முக்கியமான காது பி2ஒய்12 என்னும் ஏற்பி. ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகிக் கட்டி வளர்ந்து குழாய் அடைபடுகின்றது. அதுதான் மாரடைப்பு. குளோபிடோகிரெல் என்ற மாத்திரை இந்தக் காதை அடைத்துவிடுகின்றது. அடைபட்ட தட்டணுவுக்கு ஆயுள் முழுதும் காது கேட்காது.

இதில் ஒரு வேடிக்கை. மாத்திரை 1997-லேயே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஏற்பி இன்னதென்று அடையாளம் தெரிந்ததோ 2001-ல். உடனே நம் மந்திரவாதத் தோழர் எழுந்து, "பார்த்தீரா, காரணம் தெரியாமலே நீரும் மருந்து கொடுத்தீர்; எங்கள் விபூதியும் அப்படித்தான்" என்பார். அப்படியல்ல. 19,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இதையும் மற்றதற்கு ஆஸ்பிரினையும் கொடுத்து ஒப்பிட்டு, எண்ணிப் பார்த்து 1996-ல் கணக்கை வெளியிட்டார்கள். விபூதி பூசியவர் எத்தனை பேர், பிழைத்தவர் எத்தனை பேர், பூசாமலே பிழைத்தவர் எத்தனை பேர் என்று எந்தப் பூசாரியாவது கணக்குக் காட்டட்டும். நாமும் எண்ணிப் பார்க்கத் தயார்.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2023-ல் "இதயம் காப்போம்" என்ற திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடார்வாஸ்டாடின் ஆகிய மூன்றையும் உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? நெஞ்சை அழுத்துகின்றது, இடது கை வலிக்கின்றது, வியர்த்துக் கொட்டுகின்றது என்றால், "வாயுப் பிடிப்பு" என்று சோடா வாங்கப் போகிறார்கள். அதில் தீராவிட்டால் "கண்ணேறு" என்று மந்திரிக்கப் போகிறார்கள். இந்த இரண்டு மணி நேரத்தில் தட்டணுக்கள் சும்மா இருப்பதில்லை. அடைபட்ட குழாய்க்கு அப்பாலுள்ள தசையும் செத்துக்கொண்டே போகின்றது. வாயுவா அல்லவா என்று தீர்மானிக்க வேண்டியது இ.சி.ஜி. படமே அன்றி பக்கத்து வீட்டுப் பாட்டியல்ல. 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த மாத்திரைகளையும் பரிசோதனை இல்லாமல் தாங்களாகவே வாங்கி விழுங்க வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, ரத்தக் கசிவு உள்ளவரைக் கெடுத்துவிடும்.

பிழைத்து வந்தபிறகும் ஒரு கேடு இருக்கின்றது. குழாயில் ஸ்டென்ட் என்னும் வலைக்கூடு வைத்துக்கொண்டவர், மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்வந்தேன், உடம்பு தேறிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுகிறார். சரீரத்தில் தினமும் புதுத் தட்டணுக்கள் பிறக்கின்றன. ஒரு வாரம் பத்து நாளில் ஏறக்குறைய எல்லாமே காது திறந்த புதியவைகளாகிவிடும். அவைகளுக்கு அந்த வலைக்கூடு ஓர் அந்நிய வஸ்து. அமாவாசை அவைகளுக்குத் தெரியாது. ஆதலால் விரதமானாலும், காவடியானாலும், கையில் காசில்லாத மாதமானாலும், பல் பிடுங்கப் போவதானாலும், வைத்தியரிடம் கேட்காமல் அந்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.