குடிநோயும் நம் குடியிருப்பும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் நாடகமும் முழங்குகின்ற ஆண்டு விழா மேடையிலே குடியைப் பற்றிப் பேச எங்களுக்கு இடம் தந்த செயற்குழுவினர்க்கு முதற்கண் நன்றி. நல்ல நாளில் இப்பேச்சு வேண்டுமா என்று குழுவிலே சிலர் தயங்கியதாக அறிந்தோம். அத்தயக்கம் இயல்பானதே. இத்தலைநகரில் நம்மவர் படிப்பாளிகள், ஒழுங்கானவர்கள் என்று பெயர் எடுத்திருக்கின்றனர். அப்பெயருக்குப் பின்னால், எத்தனை வீடுகளில் மாலை ஏழு மணிக்கு மேல் கதவுகள் ஓசையின்றிச் சாத்தப்படுகின்றன என்பதை, ஞாயிறுதோறும் நூலக அறையில் அமர்ந்து குடும்பங்களைச் சந்தித்து வரும் நாங்கள் ஓரளவு அறிவோம்.

எங்கள் பணி ஒரு பிழையில் தொடங்கியது. அதனை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

2018-ஆம் ஆண்டு. நம் குடியிருப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர், நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், காலையிலேயே சிறிது குடித்தாலன்றிக் கை நடுங்காமல் கையெழுத்திட இயலாத நிலைக்கு வந்துவிட்டார். அவருடைய துணைவியார் சங்கத்தாரிடம் வந்து கண்ணீர் விட்டார். நாங்கள் கூடி ஆலோசித்தோம். ஊருக்கு அனுப்பிக் குலதெய்வத்தின் முன் கயிறு கட்டி, தாய்மாமன் பொறுப்பில் மூன்று திங்கள் விட்டுவைத்தால் திருந்திவிடுவார் என்று முடிவு செய்தோம். 'இனித் தொடமாட்டேன்' என்று சத்தியம் வாங்கினோம். பயணச் சீட்டையும் நாங்களே எடுத்தோம். புட்டி ஏதும் உடன் செல்லாதபடி அவருடைய பெட்டியைச் சோதித்தவரும் எங்களில் ஒருவரே. இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரசில் கணவனையும் மனைவியையும் ஏற்றிவிட்டு, பெரிய புண்ணியம் செய்துவிட்டவர்களைப் போல வீடு திரும்பினோம்.

மறுநாள் நண்பகலில் அவருக்கு உடல் வியர்த்துக் கை கால் நடுங்கத் தொடங்கிற்று. நாகபுரி கடந்தபின் வலிப்புக் கண்டு இருக்கையிலிருந்து கீழே விழுந்தார். உடன் பயணம் செய்தோர் உதவியால் அடுத்த பெரிய நிலையத்தில் இறக்கி மருத்துவமனையிற் சேர்த்தனர். அதன்பின் இரண்டு நாள் மனைவியை அடையாளம் தெரியவில்லை. சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கூவினார். ஐந்தாம் நாளே தெளிவு வந்தது. மொழி தெரியாத ஊரிலே அந்த அம்மையார் தன்னந்தனியாக அவ்வைந்து நாட்களைக் கழித்தார். அவர் எங்களை ஒரு சொல்லும் கடிந்து கொள்ளவில்லை. கடிந்திருந்தால் எங்களுக்கு எளிதாயிருந்திருக்கும்.

நாங்கள் செய்த பிழை யாது என்பதைப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டறிந்தோம். மது மூளையின் இயக்கத்தைத் தணிப்பது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிப்பவருடைய மூளை, அத்தணிப்பை ஈடு செய்வதற்காகத் தன்னை எப்போதும் முடுக்கி வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் தணிப்பு போய்விடுகிறது. முடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த சுமார் ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தோன்றலாம். ஆறு மணிக்கும் நாற்பத்தெட்டு மணிக்கும் இடையே வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் குடிஜன்னி தாக்கக்கூடும். அது உயிரையும் வாங்கவல்லது. குடிப்போர் எல்லார்க்கும் இவை வருவதில்லை. எனினும், முன்பு வலிப்புக் கண்டவர், காலையில் எழுந்ததும் குடித்தாக வேண்டியவர் ஆகியோர்க்கு அபாயம் மிகுதி. டில்லியிலிருந்து சென்னைக்கு அந்த வண்டி ஓடும் நேரம் ஏறத்தாழ 33 மணி. வலிப்பு வரக்கூடிய நேரத்தின் பெரும்பகுதியை மருத்துவர் இல்லாத ரயில் பெட்டியிலே கழிக்கும்படி நாங்கள் அவரை அனுப்பி வைத்திருந்தோம்!

2020 மார்ச்சு இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, இதே துன்பத்தைப் பல நகரங்களின் மருத்துவமனைகள் கண்டன. குடியை நிறுத்துவது நன்றே. ஆனால் நெடுநாள் குடித்தவர் அதனை மருத்துவர் கண்காணிப்பிலே நிறுத்தவேண்டும். தக்க மருந்தை முதலில் போதிய அளவு கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். பி-1 என்னும் தயமின் வைட்டமினையும் தாராளமாகக் கொடுப்பார்கள். உணவைக் குறைத்துக் குடியைப் பெருக்கியவர் உடம்பில் அது வற்றிப் போயிருக்கும். அக்குறையைக் கவனியாமல் விட்டால் நினைவாற்றலே நிலையாக அழிந்துபோவதும் உண்டு.

இனி, குடும்பங்களுக்கு ஆலோசனை கூற முன்வருவோர் அறிந்திருக்க வேண்டியவற்றுள் தலையாயதைச் சொல்கிறோம். அது கேட்கத் தெரிவது.

நம்மவர் குடியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடனே வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைச் சொல்வர். நாங்களும் அன்று அந்த அன்பரிடம் அதைத்தான் சொன்னோம். அது 93-ஆம் அதிகாரம். இரண்டு அதிகாரம் தள்ளி 95-ஆவதாக மருந்து என்னும் அதிகாரம் இருப்பது எங்கள் நினைவுக்கு வரவில்லை. பிணியையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்று அங்கே அவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஆராயாமலே வைத்தியம் செய்தவர்கள்.

ஆராய்வது எவ்வாறு? உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து 1989-இல் வெளியிட்ட வினாத்தாள் ஒன்று உண்டு. ஆடிட் என்பது அதன் பெயர். பத்தே வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் நான்கு வரை மதிப்பெண்; மொத்தம் 40. எவ்வளவு அடிக்கடி, ஒரு வேளைக்கு எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடியாமற் போனதுண்டா, காலையில் குடித்தால்தான் நிற்க முடிகிறதா, குடியால் யாருக்கேனும் காயம் ஏற்பட்டதா என்று வினாக்கள் செல்லும். எட்டும் அதற்கு மேலும் வந்தால் தீங்கு தரும் குடி. இருபதும் அதற்கு மேலும் வந்தால் அடிமைப்பட்டிருக்கலாம், மருத்துவரிடம் அனுப்புக என்பது பொது விதி. அளவைக் கேட்கும்போது 'கொஞ்சம்தான்' என்ற விடையைக் கொள்ளலாகாது. முப்பது மில்லி விஸ்கியை ஓர் அளவு என்று நம் நாட்டில் கணக்கிடுவர். கால் புட்டி என்று இலேசாகச் சொல்லப்படும் 180 மில்லியில் ஆறு அளவுகள் அடங்கியிருக்கின்றன.

எங்கள் அறையில் வினாத்தாளுக்கு முன்னரே கேட்பவை வேறு சில. கடைசியாகக் குடித்தது எப்போது? முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா? தூக்க மாத்திரை முதலிய வேறு ஏதும் உட்கொள்கிறாரா? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா? வீட்டில் கை நீட்டுகிறாரா? இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். கை நீட்டும் வீடாயின் மனைவி மக்களின் பாதுகாப்பே முதல். குடியைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே. பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண் 181 என்பதை அறையின் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

'ஏன் குடிக்கிறீர்?' என்று நாங்கள் கேட்பதில்லை. அது வினாவின் உருவில் வரும் குற்றச்சாட்டு. மாறாக, குடியினால் உங்களுக்குக் கிடைப்பது என்ன என்று கேட்போம். வந்தவர் திகைப்பார். பிறகு, தூக்கம் வருகிறது என்பார். அலுவலகத்தில் பட்ட அவமானம் மறக்கிறது என்பார். அதன் பின்னரே, அது எதனை எடுத்துக்கொள்கிறது என்று கேட்போம். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கிய இம்முறையில் ஓர் அழகான வினா உண்டு. குடியை விடுவது உமக்குச் சுழியிலிருந்து பத்து வரை எவ்வளவு முக்கியம்? ஒருவர் 'மூன்று' என்றார். 'மூன்றுதானா?' என்று கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். 'சுழி என்று சொல்லாமல் மூன்று என்றீர்களே, எதனால்?' என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், 'மகள் இப்போதெல்லாம் தோழியரை வீட்டுக்கு அழைத்து வருவதில்லை' என்றார். நாங்கள் ஓராண்டு அறிவுரை கூறியிருந்தாலும் அவருக்கு அதைச் சொல்லியிருக்க முடியாது. அதை அவரே சொல்லிக்கொண்டார்.

குடித்திருக்கும் நேரத்தில் இவ்வுரையாடல் ஆகாது. தெளிந்திருக்கும் காலை வேளையே தக்கது.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். கணவனுக்குத் தெரியாமல் காப்பியிலோ குழம்பிலோ கலந்து கொடுத்தால் குடியை மறக்கச் செய்யும் தூள் என்று விளம்பரங்கள் வருகின்றன. எங்களிடம் வந்த வீடுகள் சிலவற்றில் அதை வாங்கியிருந்தார்கள். அத்தகைய பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டைசல்ஃபிராம் என்னும் உண்மையான மருந்து ஒன்று உண்டு. 1948-இல் டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் அதன் பயனை வெளியிட்டனர். அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். இரத்த அழுத்தம் அபாயகரமாக வீழ்வதும் உண்டு. நோயாளி அறிந்து, ஒப்பி, மருத்துவர் சோதித்த பின்னரே கொடுக்கத் தக்க மருந்து அது. இரகசியமாகக் கலப்பது அன்பினால் செய்தாலும் ஆபத்தே. குடி வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் முதலிய மருந்துகளும் இன்று உண்டு. அவற்றுள் எது யாருக்குப் பொருந்தும் என்பது மருத்துவர் முடிவு.

அவ்வாறே, 'மறுவாழ்வு இல்லம்' என்ற பலகையை நம்பி ஏமாறாதீர்கள். அடைத்து வைத்து அடிக்கும் இடங்களும் அப்பெயரில் நடப்பதுண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன்னுள் அடக்கியது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அது தடை செய்கிறது. நமக்கு அண்மையில் காசியாபாத்தில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தேசிய சிகிச்சை மையம் இருக்கிறது. ஊருக்கே செல்ல விரும்புவோர்க்குச் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கிய பணி அது. நோயாளியோடு குடும்பத்தாருக்கும் அங்கே தனியே பயிற்சி உண்டு என்பதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். மருந்து அதிகாரத்திலும் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து பேணுபவரும் நான்காவதாக எண்ணப்படுகிறார் அல்லவா?

மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டோர் நம் நாட்டில் சுமார் 2.9 கோடி. அவர்களில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாக அவ்வறிக்கை கூறுகிறது. எஞ்சிய முப்பத்தேழு பேர் எங்கே இருக்கிறார்கள்? சிலர் நம் மாடிப்படிகளில் நம்மோடு ஏறி இறங்குகின்றவர்களே.

இனி மீட்சியைப் பற்றி. மருத்துவமனையில் கழியும் சில வாரங்கள் முன்னுரைதான். நின்ற குடி திரும்புவது மிகவும் சாதாரணம்; இரத்த அழுத்தமும் நீரிழிவும் கட்டுக்குள் வந்து மீண்டும் ஏறுவதில்லையா? 'எல்லாம் வீண்' என்று குடும்பம் கைவிடுவது அவ்வேளையில்தான். நாங்களோ அன்று என்ன நடந்தது என்று கேட்போம். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் ஒன்று பெரும்பாலும் முன்னே நடந்திருக்கும். நம் குடியிருப்பில் வேறு சில நாட்களும் உண்டு. சம்பள நாள், ஹோலி, பதவி உயர்வு விருந்து, கோடை விடுமுறையில் மனைவி மக்கள் ஊருக்குச் சென்றபின் கழியும் முதல் வாரம். இவற்றை முன்கூட்டியே எழுதிவைத்து, அந்நாளின் மாலையை எங்கே, யாரோடு கழிப்பது என்று தீர்மானித்துக் கொள்ளச் சொல்கிறோம். 1935-இல் அமெரிக்காவில் தோன்றி 1957 முதல் நம் நாட்டிலும் நடைபெறும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குச் சிலர் செல்கின்றனர். சிலருக்கு அது பொருந்துவதில்லை, அதனால் குறையொன்றுமில்லை.

ரயிலில் விழுந்த அன்பர் அதன்பின் முறையாகச் சிகிச்சை பெற்றார். இருமுறை வழுக்கினார். இரண்டாம் முறை தாமாகவே அறைக்கு வந்து, 'நேற்றுக் குடித்துவிட்டேன். இன்று என்ன செய்ய?' என்று கேட்டார். இப்போது மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தொடவில்லை. இவ்வுரையில் அவர் கதையைச் சொல்ல அவரிடமும் துணைவியாரிடமும் அனுமதி பெற்றோம். 'பெட்டியைச் சோதித்ததையும் விடாமல் சொல்லுங்கள்' என்றார் அம்மையார்.

பேச்சு வெளியே போகுமோ என்ற அச்சத்தால் வராதிருப்போர் பலர். உயிருக்கு ஆபத்து என்னும் நிலை தவிர, அறையில் கேட்டது அறையைத் தாண்டாது. நேரில் வர இயலாதோர் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். நூலக அறை ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை திறந்திருக்கும். பூங்காப் பக்கம் ஒரு பின்வாயில் உண்டு. அதன் விளக்கை அணைத்தே வைத்திருக்கிறோம், கதவைத் தாழிடுவதில்லை.