படலை எப்போது சாத்துவது?



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் கம்பு நேப்பியர் தீவனப் புல் பற்றிக் கேளுங்கள். கரணை நடும் இடைவெளி, முதல் அறுவடை நாள், ஆண்டுக்கு எத்தனை வெட்டு, எல்லாம் தடையின்றி வரும். அவரையே ஐந்து ஏக்கர் கொழுக்கட்டைப் புல் காட்டின் வாசலில் நிறுத்தி, ‘இதில் எத்தனை உருப்படியை எத்தனை நாள் விடலாம்?’ என்று கேட்டால் பதில் வராது. குறை மாணவரிடம் இல்லை. அறுத்துப் போடும் தீவனத்தை வயலில் வைத்துக் கற்பித்தோம். மேய்ச்சலைக் கரும்பலகையோடு முடித்துக்கொண்டோம். மேய்ச்சல் நிலத்தில் கற்க வேண்டியவற்றுள் தலையாயது, மாட்டை எப்போது வெளியேற்றி வாசல் படலைச் சாத்துவது என்ற முடிவு. அதை ஒரு மாணவர் தானே எடுத்து, அதன் விளைவைத் தானே பார்க்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

அதைக் கற்க நமக்குப் பாடநூல் அருகிலேயே இருக்கிறது. கொங்கு நாட்டின் வறண்ட கிழக்குப் பகுதியில், சரளை கலந்த செம்மண்ணில், கிளுவை முள்வேலி கட்டிய கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் தலைமுறைகளாக இருந்துவருகின்றன. தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே நரிப்பயறு போன்ற பயறுவகைக் கொடிகள், மேலே வெள்வேல மரம். மழைக்குப் புல், கோடையில் உதிரும் வேலங்காய், நண்பகலில் நிழல் என்று ஒரே நிலம் ஆண்டு முழுவதும் ஏதாவதொன்றைத் தருகிறது. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இப்படிப்பட்ட நிலத்தில் வளர்ந்தவை. நிலத்தைப் பல அடைப்புகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றொன்றுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். பிரெஞ்சு நாட்டின் ஆந்த்ரே வாசான் 1950களில் புல்லின் ஓய்வுக் காலத்தை மையமாக வைத்து மேய்ச்சல் விதிகளை எழுதினார். அவரை நாம் மேற்கோள் காட்டுகிறோம், காட்டலாம், தகுதியானவர். நம் தேர்வுத் தாளில் கொறங்காடு பற்றி ஒரு கேள்வியாவது இருக்க வேண்டாமா?

நிலத்தை உருவாக்குவதிலிருந்தே தொடங்குகிறேன். கொழுக்கட்டைப் புல் விதை பஞ்சு போல ஒட்டிக்கொள்ளும். அப்படியே வீசினால் காற்றில் போகும். ஈர மணலோடு பிசைந்து தூவி, மண்ணை மேலாகக் கிளறிவிட வேண்டும். ஆழத்தில் விழுந்தால் முளைக்காது. அன்று பறித்த விதையும் சரியாக முளைக்காது. உறக்கம் கலையச் சில மாதம் கிடக்க வேண்டும். முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனத்தின் விதைக்கு வேறு குணம். தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் வைத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறப்போட வேண்டும். இதையெல்லாம் மாணவர் கையால் செய்ய அரை நாள் போதும். முளைத்த பிறகு பொறுத்திருப்பதுதான் கடினம். முதல் ஆண்டில் புல் பூத்து, விதை உதிர்ந்து, தூர் கட்டும் வரை ஆட்டையும் மாட்டையும் உள்ளே விடலாகாது. இங்கேதான் நம் பாடத்திட்டம் இடறுகிறது. ஐப்பசி மழைக்கு முளைத்த புல் விதை உதிர்க்கும்போது பருவத் தேர்வு முடிந்து, விதைத்த மாணவர்கள் வேறு பாடத்துக்குப் போயிருப்பார்கள். தாங்கள் விதைத்த நிலத்தில் முதல் மாடு வாய் வைப்பதை அவர்கள் பார்ப்பதேயில்லை.

மேலாண்மைக்கு வருவோம். முதல் வேலை, புல்லை அளப்பது. அரை மீட்டருக்கு அரை மீட்டர் இரும்புச் சட்டம் ஒன்று, அரிவாள், தராசு, உலர்த்தும் அடுப்பு. இவை இல்லாத கல்லூரி இல்லை. சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வீசி, விழுந்த இடத்தில் புல்லைத் தரையோடு அறுத்து, உலர்த்தி நிறுக்க வேண்டும். நன்றாகத் தெரியும் இடத்தில் வைத்து அறுக்கும் ஆசை எல்லா மாணவருக்கும் வரும். அதைத் தடுப்பது ஆசிரியர் வேலை. பல இடங்களில் அறுத்த சராசரி 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 160 கிராம். ஏக்கருக்குச் சுமார் 640 கிலோ. ஐந்து ஏக்கருக்கு 3,200 கிலோ உலர் புல். இதில் பாதியை நிலத்துக்கே விட வேண்டும். மீதி 1,600 கிலோவில், 300 கிலோ எடையுள்ள மாடு உடல் எடையில் 2.5 விழுக்காடு, அதாவது நாளுக்கு 7.5 கிலோ தின்றால், பத்து மாட்டுக்கு 21 நாள் வரும். மிதிபட்டும் சாணம் பட்டும் வீணாவதைக் கழித்தால் இரண்டு வாரம்தான்.

பாதியை ஏன் விட வேண்டும் என்று மாணவர் கேட்பார், கேட்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறையில் எஃப். ஜே. கிரைடர் செய்து 1955இல் வெளியிட்ட சோதனைகளைச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் இலையை எடுத்தால் வேர் வளர்ச்சி தடைபடத் தொடங்குகிறது; 80 விழுக்காட்டை எடுத்தால் வேர் வளர்ச்சி முழுவதுமே சுமார் 12 நாள் நின்றுவிடுகிறது. சொல்வதோடு நிறுத்தாமல், இரண்டு தொட்டியில் புல் வளர்த்து, ஒன்றைப் பாதியாகவும் மற்றதை ஒட்டவும் கத்தரித்து, இரண்டு வாரம் கழித்து வேரைக் கழுவிக் காட்டுங்கள். அதைப் பார்த்த மாணவர் மிச்சப் புல்லை வீண் என்று சொல்ல மாட்டார். எவ்வளவு மிஞ்சும் என்பது மேயும் உருப்படியையும் பொறுத்தது. மாடு நாக்கால் சுழற்றி இழுத்துப் பிடுங்குகிறது. செம்மறி உதட்டால் ஒதுக்கித் தரையோடு கடிக்கிறது. ஆகவே ஆடு நிற்கும் அடைப்பில் படலை இன்னும் முன்னதாகச் சாத்த வேண்டும்.

இந்த அவை மூன்று காரியங்களை முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாம் ஆண்டில் சேரும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்து, படிப்பு முடியும் வரை அது அவர்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். மழை பொய்த்த ஆண்டும் அவர்கள் கணக்கில் வரட்டும். மதிப்பெண்ணை எத்தனை மாடு மேய்ந்தது என்பதற்குத் தராமல், மேய்ந்த பிறகு எவ்வளவு மிஞ்சியது, அடுத்த மழைக்கு எவ்வளவு துளிர்த்தது என்பதற்குத் தருவோம். செய்முறைத் தேர்வில் கொறங்காட்டு விவசாயி ஒருவர் தேர்வாளராக, உரிய மதிப்பூதியத்தோடு, நம் பக்கத்தில் உட்காரட்டும். மூன்றாவதற்கு விதிமுறை இடம் தராது என்று சிலர் சொல்வார்கள். விதிமுறையை எழுதியவர்கள் நாம்தான். திருத்தவும் நம்மால் முடியும். கிளுவை வேலிகள் பிடுங்கப்பட்டு மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், இந்த அறிவைக் கையில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். நமக்கு அவகாசம் குறைவு.

முதல் அமர்வில் விதை சேகரிப்பு பற்றி மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் பேசுகிறார்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரை ஆசிரியர்கள் யாரும் குறுக்கிட வேண்டாம் என்று தலைவர் என்ற முறையில் கேட்டுக்கொண்டு, அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.