யார் வீட்டுப் பெட்டி?

தோழர்களே, லாக்கருக்குள்ள என்ன இருக்குன்னு வங்கிக்காரன் எனக்கே தெரியாது. 2000இல் இயான் கிளார்க் வெளியிட்ட ஃப்ரீநெட்டும் (2023 முதல் ஹைஃபாநெட்) அப்படித்தான். கோப்பைத் துண்டாக்கி, சங்கேதமாக்கி, முகம் தெரியாத பலருடைய கணினிகளில் சிதறி வைக்கும். வைத்திருப்பவருக்கே அது என்னவென்று தெரியாது.

எதுக்கு இதெல்லாம்? நம்ம திருச்சிப் பக்கத்து ஸ்டேன் சாமி 2021 ஜூலை 5இல் விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவர் கணினிக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளை வெளியாள் திணித்ததாக 2022இல் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் சொன்னது. வீட்டுக் கணினியின் லட்சணம் இது. வன்கொடுமை வழக்குகளின் படங்களும் வாக்குமூலங்களும் அங்கே மட்டும் கிடக்கலாமா?

ஒண்ணு, ஃப்ரீநெட்டில் யாரும் கேட்காத கோப்பு புதுசுக்கு இடம்விட்டு அழிஞ்சுபோகும். அப்பப்போ யாராவது கேட்டுக்கிட்டே இருக்கணும். சாவி தொலைஞ்சா திண்டுக்கல் பூட்டுப் பட்டறை எதிலயும் திறக்க முடியாது.