ஏசி போட்டா வண்டி நடுங்குது: கம்ப்ரஸர் மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி

நான் மரக்காணத்துல, ஈசிஆர் ஓரமா ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போற வண்டிங்க சனி, ஞாயிறுன்னா எங்க வாசல் வழியாத்தான் போகும். பஞ்சர் கேஸை விட்டுட்டா, வெயில் காலத்துல நான் அதிகமா கேக்கிற புகார் இதுதான்: "அண்ணே, ஓடும்போது நல்லா இருக்கு. ஏசி போட்டு நின்னா வண்டி நடுங்குது. ஏசியை ஆஃப் பண்ணா சரியாயிடுது." இன்னிக்கு அதை மட்டும் பேசப்போறேன். இவி வச்சிருக்கவங்க இந்த எபிசோடைத் தள்ளிவிட்டுட்டுப் போகலாம். உங்களுக்கு ஐடிலிங்கே கிடையாது.

இந்தப் புகாரைக் கேட்டதும் பல இடத்துல கை நேரா கம்ப்ரஸர் மேலதான் போகும். போன சித்திரையில ஒரு தம்பி வந்தார். ஆறு வருஷம் ஓடின பெட்ரோல் ஹேட்ச்பேக். 'கம்ப்ரஸர் போயிடுச்சு, மாத்தணும்'னு சிட்டியில ஒரு கடையில கொடுத்த எஸ்டிமேட்டை போன்ல காட்டினார். அவரோட மாசச் சம்பளத்துல பாதிக்கு மேல. வீட்டுல கைக்குழந்தை, ஏசி இல்லாம அந்த வெயில்ல வண்டி எடுக்க முடியாது. செய்யட்டுமா, வேணாமான்னு கேட்டார். அந்த வண்டிக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஏசி இன்ஜினை என்ன பண்ணுதுன்னு பாத்துடுவோம்.

கம்ப்ரஸர் இன்ஜினோட பெல்ட்டில்தான் ஓடுது. அதுக்குத் தனி மோட்டார் கிடையாது. ஒரு சாதாரண பெட்ரோல் இன்ஜின் நின்ன இடத்துல 700-லிருந்து 850 ஆர்பிஎம் வரைக்கும் ஓடும். அந்த வேகத்துல இன்ஜின் கையில இருக்கிற பலமே கொஞ்சம்தான். அதுல சில குதிரைசக்தியைக் கம்ப்ரஸர் கேக்குது. அதனால நீங்க பட்டனை அமுக்கினதும் இசியு முதல்ல கொஞ்சம் காத்தைக் கூட விட்டு ஐடிலைத் தூக்கி வச்சுக்கும். கூடவே கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்'னு ஒட்டும். முள் லேசா அசைஞ்சு நின்னுடும். இது இயல்பு. மூணு சிலிண்டர் வண்டியில ஒரு மெல்லிய அதிர்வும் எப்பவும் இருக்கும், அது அந்த இன்ஜினோட பிறவிக் குணம். அதுக்கு வைத்தியம் பாத்துப் பணத்தை விடாதீங்க.

ஆஸ்பத்திரியில ட்ரெட்மில்ல ஓடவிட்டு இதயத்தைப் பாப்பாங்க இல்லையா? நின்ன இடத்துல ஏசி போடுறதும் இன்ஜினுக்கு அந்த மாதிரி ஒரு டெஸ்ட். பெரும்பாலும் ஏசி புதுசா ஒரு நோயைக் கொண்டு வர்றதில்ல. ஏற்கெனவே ஏதோ ஒண்ணு பலவீனமா இருக்கு, சுமை ஏறினதும் அது வெளியே தெரியுது. எது பலவீனம்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

அதுக்கு முதல் கருவி உங்க டாஷ்போர்டுலயே இருக்கு, ஆர்பிஎம் முள். வண்டி நடுங்கும்போது அதைப் பாருங்க. முள் அசையாம நிக்குது, ஆனா ஸ்டீயரிங்கும் சீட்டும் உதறுதுன்னா இன்ஜின் ஒழுங்காத்தான் ஓடுது. அதைத் தாங்குற மவுண்டிங் ரப்பர் செத்துப்போச்சு. ஆட்டோமேட்டிக் வண்டின்னா டி-யில பிரேக் பிடிச்சு நிக்கும்போது அதிகமா உதறும், நியூட்ரலுக்கு மாத்தினா குறையும். மவுண்டிங் மாத்தினா முடிஞ்சது.

முள் 500 பக்கம் விழுந்து, 900-க்கு எழும்பி, மறுபடி விழுதுன்னா அது வேற கதை. இசியு ஐடிலைப் பிடிக்கப் பாக்குது, பிடி கிடைக்கல. த்ராட்டில் பாடியில கரி படிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். அதுக்குன்னு இருக்கிற ஸ்ப்ரே போட்டுத் துடைக்கணும். எலக்ட்ரானிக் த்ராட்டில்னா உள்ளே இருக்கிற தகட்டை விரலால தள்ளக் கூடாது, அந்தச் சின்ன கியர் உடைஞ்சா தண்டச் செலவு. சுத்தம் பண்ணின பிறகு நிறைய வண்டிகள்ல ஸ்கேனர் வச்சு ஐடிலை மறுபடி கத்துக்கொடுக்கணும். இதைச் செய்யாம விட்டுட்டு, 'சர்வீஸுக்கு அப்புறம்தான் வண்டி மோசமாச்சு'ன்னு சண்டை போடுறதைப் பாத்திருக்கேன்.

மூணாவது, விட்டு விட்டு ஒரு உதறல். ஒரு சிலிண்டர் எரியாம தப்பிப் போகுது. பிளக், காயில் ரெண்டையும் பாக்கணும். ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் ஒண்ணு வாங்கி போன்ல இணைச்சா, பி0300-ல ஆரம்பிக்கிற கோடு வருதான்னு நீங்களே பாத்துக்கலாம்.

இன்னொரு எளிய சோதனை. ஏசி கம்ப்ரஸர் ஓடக் கூடாது, ஆனா ஹெட்லைட், ப்ளோயர் எல்லாத்தையும் முழுசாப் போடுங்க. அப்பவும் நடுங்குதுன்னா கம்ப்ரஸர் பக்கமே போக வேணாம். பேட்டரி, ஆல்டர்நேட்டர், எர்த் ஒயர், இந்த வரிசையில பாருங்க. அதே மாதிரி தலைகீழாவும் செய்யலாம். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கம்ப்ரஸர் ரிலேயைக் கழட்டிட்டு, ஸ்டார்ட் பண்ணி ஏசி பட்டனைப் போடுங்க. கிளட்ச் வச்ச கம்ப்ரஸர்னா இப்ப அது ஓடாது, சுமை இல்ல. நடுக்கம் காணாமப் போச்சுன்னா, சுமையில விஷயம் இருக்குன்னு உறுதி. ஆனா சுமை ஏன் கூடிச்சு? கம்ப்ரஸர் கெட்டுப்போய்த்தான் கூடணும்னு இல்ல.

இங்கதான் எங்க ஊர் வருது. மரக்காணம் தாண்டும்போது ரோட்டோரம் உப்பளப் பாத்திங்களைப் பாத்திருப்பீங்க, நிறைய பேர் இறங்கி போட்டோ எடுப்பீங்க. வெயிலும் கடல்காத்தும் சேர்ந்துதான் அந்தத் தண்ணியை உப்பாக்குது. அதே காத்து உங்க பம்பருக்குப் பின்னாடி இருக்கிற கன்டென்சர் வழியாவும் போகுது. உப்புக்கு ஒரு குணம் உண்டு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா அதுவே தண்ணியை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். வீட்டுல மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுறது அதனாலதான். பகல்ல தூசா ஒட்டின உப்பு, ராத்திரி ஈரத்துல உப்புத்தண்ணிப் படலமா மாறி அலுமினியத்தையும் செம்பையும் தின்னும். கன்டென்சரோட மெல்லிய தகடுங்க வெள்ளையாப் பொடிஞ்சு உதிரும். ஃபேன் கனெக்டருக்குள்ள பச்சையா களிம்பு பூக்கும்.

கன்டென்சரோட வேலை உள்ளேயிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்றது. ஓடும்போது காத்து தானா வந்து மோதுது, பிரச்சினை தெரியாது. நின்னதும் முழுக்க ஃபேனை நம்பித்தான் இருக்கு. வெளியே 35 டிகிரி இருக்கும்போது, ஆர்134ஏ கேஸ் ஓடுற ஒரு நல்ல சிஸ்டத்துல ஹை சைடு பிரஷர் சுமாரா 200-லிருந்து 250 பிஎஸ்ஐ காட்டும். ஃபேன் நின்னுட்டா அது 350-ஐத் தாண்டி ஏறும். அவ்வளவு பிரஷருக்கு எதிரா கம்ப்ரஸர் தள்ளணும், அந்தக் கம்ப்ரஸரை 750 ஆர்பிஎம்-ல திணறிட்டிருக்கிற இன்ஜின் இழுக்கணும். நடுங்காம என்ன செய்யும்? கடைசியில பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திடும். நடுக்கமும் போகும், குளிர்ச்சியும் போகும்.

அந்தத் தம்பியோட வண்டி அப்படியே இதான். நின்ன உடனே நடுங்கல. ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் முள் இறங்க ஆரம்பிச்சுது, ஏசியும் வெதுவெதுன்னு ஆச்சு. பானெட்டைத் திறந்தா ஃபேன் சுத்தவே இல்ல. கிரில் வழியா ஒரு மக்கு தண்ணியைக் கன்டென்சர் மேல மெதுவா ஊத்தினேன். அரை நிமிஷத்துல இன்ஜின் சத்தம் மாறி முள் மேல வந்துடுச்சு. சூட்டை எடுத்துட்டா சரியாகுதுன்னா கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். ஃபேன் கனெக்டரைப் பிரிச்சா ஒரு பின் களிம்பேறி, சூடாகி, பிளாஸ்டிக்கே உருகிக் கிடந்தது. கனெக்டரை வெட்டிட்டுப் புதுசு போட்டோம், பேட்டரி எர்த்தையும் சுரண்டி முறுக்கினோம். கம்ப்ரஸர் மேல கை வைக்கல. அவர் வீடு சென்னையிலதான், கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி, வண்டி ராத்திரி தெருவுலதான் நிக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரைன்னு இருக்கவங்க இதை மரக்காணத்துக் கதைன்னு நினைச்சுடாதீங்க.

எர்த்தைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஏசி, லைட் எல்லாம் ஓடும்போது கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ்லயும் சிவப்பை இன்ஜின் பிளாக்லயும் வைங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. ஃபேன்கிட்ட மட்டும் ஜாக்கிரதை. இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் சில வண்டியில அது திடீர்னு சுத்தும். துப்பட்டா, வேட்டி நுனி, ஐடி கார்டு கயிறு எதுவும் கிட்ட போகக் கூடாது.

கேஸ் விஷயம் ஒண்ணு சொல்லியாகணும். 'கேஸ் கம்மியா இருக்கு, டாப்அப் பண்ணிடலாம்'னு சொல்வாங்க. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்ல. குறைஞ்சிருந்தா எங்கேயோ கசியுது, அதைத்தான் முதல்ல தேடணும். அளவு தெரியாம மேல மேல ஏத்தினா ஹை சைடு பிரஷர் இன்னும் கூடும், நடுக்கமும் கூடும். எத்தனை கிராம் போடணும்னு பானெட்டுக்கு அடியில ஸ்டிக்கர்லயே எழுதியிருக்கும். பழசை முழுசா எடுத்துட்டு, எடை பாத்து ஏத்துற மெஷின் இருக்கிற கடைக்குப் போங்க. ஸ்லோ ஸ்பீடைக் கூட்டிவிட்டு நடுக்கத்தை மறைக்கிற வேலைக்கும் சம்மதிக்காதீங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நிறைய வண்டிகள்ல ரேடியேட்டரையும் கன்டென்சரையும் ஒரே ஃபேன்தான் பாத்துக்குது. ஏசி நடுக்கம் உங்களுக்கு முதல் தகவல். அதைப் பொறுத்துக்கிட்டு ஓட்டினா அடுத்த தகவல் டெம்பரேச்சர் லைட்டா வரும், அதையும் விட்டா ஹெட் கேஸ்கட் போகும். அது கம்ப்ரஸரைவிடப் பெரிய பில். யூ டர்ன் எடுக்கும்போது இன்ஜின் நின்னுட்டா ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லு மாதிரி கெட்டியாயிடும், ஈசிஆர்ல பின்னாடி பஸ் வந்துட்டிருக்கும்.

வழியில ஃபேன் நின்னுட்டா ஏசியை ஆஃப் பண்ணிட்டு, கண்ணாடியை இறக்கிட்டு, டெம்பரேச்சரைப் பாத்துக்கிட்டே ஓட்டிட்டு வாங்க. ஓடுற வரைக்கும் காத்து காப்பாத்தும், டிராஃபிக்ல மாட்டினாதான் ஆபத்து. முள் ஏறினா ஓரமா நிறுத்திடுங்க, ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறக்காதீங்க. பீச் ட்ரிப் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணியில, சாதாரண ஹோஸ்ல, கிரில் வழியா கன்டென்சரை ஒரு தடவை கழுவி விடுங்க. ரிசார்ட்ல இருக்கிற போர் தண்ணி வேணாம், எங்க பக்கம் பல இடத்துல அதுவே உப்புத்தான். பிரஷர் வாஷரும் வேணாம், அந்தத் தகடுங்க மடங்கிப் போயிடும்.