பிடியரிசியும் பெயர்ப் பதிவேடும்

(நம் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு நிறைவு விழாவில் தமிழாசிரியர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைமையாசிரியரவர்கள் சற்று முன்னர் ஆண்டறிக்கையை வாசித்தார்கள். பொதுத் தேர்வில் சிறந்து தேறினோர், ஓட்டத்திலும் பந்தாட்டத்திலும் வென்றோர், கட்டுரைப் போட்டியிற் பரிசு பெற்றோர் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு நாம் கைகொட்டி மகிழ்ந்தோம். செயலாளரவர்கள், வகுப்பறை கட்டவும் நூலகத்திற்கு நூல்கள் வாங்கவும் பொருளுதவிய வள்ளல்களை நன்றியோடு எடுத்துரைத்தார்கள். இவையெல்லாம் தக்கனவே. அவற்றை மீண்டுங் கூறி உங்கள் பொழுதைக் கொள்ளுதல் என் கருத்தன்று. அவ்வறிக்கையில் இடம்பெறாத ஒரு பகுதியைப் பற்றிச் சில சொல்ல உங்கள் இசைவை வேண்டுகின்றேன்.

வணிகம் நம் முன்னோர் தொழில். ஆண்டு முடிவில் இருப்பெடுத்து ஐந்தொகை போடும் வழக்கத்தை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். பெட்டியிலுள்ள பணத்தை மட்டும் எண்ணிப் பார்த்து, ‘இவ்வாண்டு நன்றாய் நடந்தது’ என்று பேரேட்டை மூடிவிடும் வணிகன் ஒருவனும் இலன். வாராக் கடன் எவ்வளவு, வழியிற் சிந்திய சரக்கு எவ்வளவு, எலி தின்றது எவ்வளவு என்று கணக்கிட்ட பின்னரே அவன் ஊதியத்தை ஊதியமென ஒப்புவான். பள்ளிக்கும் அத்தகையதோர் ஐந்தொகை வேண்டும். தேர்வு எழுதியோருள் இத்தனை பேர் தேறினர் என்பது ஒரு கணக்கு. ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோருள் இத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு வரை வந்தனர் என்பது மற்றொரு கணக்கு. முதற் கணக்கை ஊரார் அனைவரும் அறிவர். இரண்டாவதனை வருகைப் பதிவேடு மட்டுமே அறியும்.

இதனை இம்மேடையிற் கூறுதற்குக் காரணம் உண்டு. நம்மவர் பள்ளிகள் தோன்றிய வரலாற்றை நினைந்தால் அக்காரணம் தானே விளங்கும்.

விருதுபட்டி என்று வழங்கிப் பின்னர் 1923-ஆம் ஆண்டில் விருதுநகர் எனப் பெயர் பெற்ற ஊரில், 1889-ஆம் ஆண்டு நாடார் பெருமக்கள் சத்திரிய வித்தியாசாலையைத் தோற்றுவித்தார்கள். அந்நாளில் நம் மரபினர் நிலை எத்தகையதாயிருந்தது? வணிகத்தால் கையிற் பொருள் சேரத் தொடங்கியிருந்தது; ஆயினும் கோயில் வாயில் அடைபட்டேயிருந்தது. 1899-இல் சிவகாசியில் நேர்ந்த கொள்ளையும் கொலையும் நீங்கள் பெரியோர் வாயிலாகக் கேட்டறிந்தவையே. கமுதிக் கோயிலுட் புகுந்தமைக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு, இலண்டன் மாநகரத்துப் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நமக்கு எதிராகவே முடிந்தது. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலின் வாயில் நமக்கும், நம்மினும் ஒடுக்கப்பட்டிருந்த மக்களுக்கும் திறந்தது 1939-ஆம் ஆண்டிலேயாம். கோயிற் கதவு திறப்பதற்கு ஐம்பதாண்டு முன்னரே நம் முன்னோர் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டனர் என்பதை எண்ணிப் பாருங்கள். அக்கதவையும் தம் குலத்தார்க்கு மட்டும் திறந்தாரல்லர். எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் வந்து பயிலுமாறு திறந்தனர். அடைபட்ட வாயிலின்முன் நின்றறிந்தவர்களாதலின், தாம் கட்டிய வாயிலை அடைக்க அவர்கட்கு மனம் வரவில்லை. நம் மரபின் பெருமை யாது என்று எவரேனும் வினவின், யான் முதலில் இதனையே எடுத்துக் கூறுவேன்.

இனி, அப்பள்ளி எப்பொருளால் நடந்தது? உறவின்முறையார் வணிகத்தின்மீது விதித்துக்கொண்ட மகமைப் பணம் ஒன்று, பிடியரிசி மற்றொன்று. ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசியிடும் பொழுது, தாய்மார் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே ஒரு கலத்தில் இடுவர். வாரந்தோறும் ஆள் வந்து வீடுவீடாக அதனைத் தொகுத்துச் செல்வார். அவ்வரிசியை விற்ற பணம் பள்ளிச் செலவிற்கு ஆகும். பிள்ளைகள் கட்டணமின்றிப் படிப்பர். செல்வன் வீட்டிலும் ஒரு பிடிதான். கூலிக்காரன் வீட்டிலும் ஒரு பிடிதான். ஆதலின் அப்பள்ளியைத் தனதென்று சொல்லிக்கொள்ளும் உரிமை எல்லார்க்கும் ஒப்ப அமைந்தது.

தாய்மார்களே! அவ்வரிசியை அளந்த கைகளை ஒரு கணம் நினையுங்கள். 1901-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில், இந்திய நாட்டுப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். அரிசியளந்த அம்மையாருட் பெரும்பாலோர் தம் பெயரையும் எழுத அறியாதவர். தாம் ஒருநாளும் படித்தறியாத எழுத்தை ஊர்ப்பிள்ளைகள் படிக்க வேண்டுமென்று, தம் வீட்டார் உணவில் ஒரு பிடியைக் குறைத்தனர். கல்வெட்டிற் பெயர் பொறிக்கப்பெற்ற வள்ளல்கள் பலர் உளர். பெயர் பொறிக்கப்பெறாத அவ்வள்ளல்களையும் இன்று வணங்குவோமாக.

தமிழாசிரியனாதலின் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறப் பொறுத்தருள்க. ‘பிடி’ என்னும் சொல் ஒரு கை கொள்ளும் அளவைக் குறிக்கும். விடாது பற்றுதலையும் குறிக்கும். இவ்விரு பொருளும் பள்ளிக்கு வேண்டியனவே. முதற் பொருளாற் பள்ளி எழுந்தது. இரண்டாம் பொருளாற் பிள்ளை பள்ளியில் நிற்றல் வேண்டும். கொடுத்தலை நம் முன்னோரிடம் நன்கு கற்றுக்கொண்டோம். விடாது பற்றுதலையும் நாம் கற்றுக்கொண்டோமா?

அந்தச் சத்திரிய வித்தியாசாலையிற் பயின்ற பிள்ளைகளுள் ஒருவர், 1903-இற் பிறந்த காமராசர். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்கமர்ந்தார். பிடியரிசி அவருக்குப் பள்ளிக் கட்டணத்தை நீக்கிற்று. ஆயினும், தந்தையற்ற வீட்டின் சுமையை நீக்க ஒரு பிடி போதவில்லை. அப்பள்ளியின் பெயர்ப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயர் நீங்கிற்று. அந்நாளில் அதனைப் பெரிதாக எண்ணியோர் யார்?

இங்கே சிலர் ஒரு வாதம் கூறுவதுண்டு. ‘காமராசர் படித்தா முதலமைச்சரானார்? படிப்பின்றியும் உயரலாமே’ என்பர். அவ்வாதத்திற்கு விடை அவர் வாழ்க்கையிலேயே உளது. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த ஒன்பதாண்டுகளையும் அவர் எதற்குச் செலவிட்டார்? பள்ளியில்லாத சிற்றூர்களிற் பள்ளிகளைத் திறந்தார். 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1958-இல் கடம்பத்தூரிற் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கிற்று. அதன் பின்னர் ஊர்தோறும் மக்கள் தம் பள்ளிக்குக் கட்டடமும் பலகையும் கடிகாரமும் தாமே கொணர்ந்து கொடுத்தனர். படிப்பு வேண்டாதது என்று எண்ணியவர் இவற்றைச் செய்வாரோ? பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளையின் நிலையைத் தாமே பட்டறிந்தவராதலின், பிறர் பிள்ளை அவ்வாறு நீங்கலாகாதென்று உழைத்தார். அன்று வீட்டு அரிசியிற் பிடியெடுத்துப் பள்ளிக்குக் கொடுத்தனர். பின்னர் அவர் அப்பள்ளியிலேயே பிள்ளைக்குச் சோறிடுமாறு செய்தார். பிடியரிசி முழு வட்டமாய்த் திரும்பி வந்தது.

அத்திட்டம் 1982-இற் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகட்குக் காலையுணவும் வந்தது. இன்று, அரசினரும் சங்கத்தாரும் இத்துணை செய்தும், பிள்ளைகள் ஏன் இடையில் நிற்கின்றனர்?

என் வகுப்பிற் பயின்ற ஒரு மாணவனைக் கூறுகின்றேன், பெயர் வேண்டா. செய்யுளைக் கொடுத்தால் சீர் பிரித்துத் தளை காணுதலில் அவனுக்கு நிகர் அவனே. ஒன்பதாம் வகுப்பிற் பொங்கல் விடுமுறைக்குப் பின்னர் அவன் வரவில்லை. தந்தைக்கு நோய், கடன் ஏறிற்று, நகரத்து மளிகைக் கடையொன்றில் தங்கல், உணவு, மாதச் சம்பளம் என்று பேசி அனுப்பிவிட்டனர். வீட்டாரைக் குறை கூற இயலுமா? கடைக்காரரும் கொடியவரல்லர்; ‘ஒரு குடும்பத்திற்கு உதவினேன்’ என்றே அவர் எண்ணினார். ஒருவரும் தீமை எண்ணவில்லை. ஆயினும் பதிவேட்டில் அவன் பெயர்மேற் கோடு விழுந்தது. பெண்பிள்ளைகட்கோ காரணம் வேறாகும்: தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல், வீட்டு வேலை, சில வேளை திருமணப் பேச்சு.

பெரியோர்களே! நான் கூற வந்தது இதுவே. நம் பள்ளியிலிருந்து நீங்கும் பிள்ளை பெரும்பாலும் சென்று சேருமிடம் நம்மவர் கடையே, நம்மவர் கிடங்கே, நம்மவர் பட்டறையே. ஒரு கையாற் பள்ளிக்குப் பொருள் கொடுக்கின்றோம். மறு கையால் அப்பள்ளியின் பிள்ளையை வாங்கிக்கொள்கின்றோம். பதினான்கு வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாதென்றும், பதினெட்டு வயதிற்குட்பட்டோரை வெடிமருந்து முதலிய இடர்மிக்க தொழில்களில் அமர்த்தலாகாதென்றும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கூறுகின்றது. பதினைந்து வயதுப் பிள்ளை மளிகைக் கடையில் நின்றாற் சட்டம் பேசாதிருக்கலாம். பிடியரிசி கொடுத்த பாட்டிமாரின் பெயரர்களாகிய நாமும் பேசாதிருத்தல் தகுமோ?

ஆதலின், சங்கத்தார் திருமுன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, அடுத்த ஆண்டு முதல் ஆண்டறிக்கையில் இரண்டாம் பக்கம் ஒன்று இருத்தல் வேண்டும். சேர்ந்தோர் எத்தனை பேர், நின்றோர் எத்தனை பேர், நின்றோருள் மீண்டு வந்தோர் எத்தனை பேர் என்னும் மூன்று தொகையும் அதில் வருதல் வேண்டும். பெயர்கள் வேண்டா, தொகை போதும்.

இரண்டாவது, ஒரு பிள்ளை காரணந் தெரியாமல் மூன்று நாள் வாராதிருப்பின், நான்காம் நாள் ஆசிரியரொருவரும் சங்கத்தவரொருவரும் அவ்வீட்டிற்குச் செல்லுதல் வேண்டும். மாணவியாயின் தாய்மாரொருவரும் உடன் செல்லுதல் நலம். மூன்று நாளிற் சென்றாற் பேசித் தீர்க்கலாம். மூன்று திங்கள் கழித்துச் சென்றாற் பிள்ளை வேற்றூரில் இருக்கும்.

மூன்றாவது, பிடியரிசியைப் புதுப்பித்தல் வேண்டும். இன்று வீடுதோறும் அரிசி தொகுத்தல் அரிதாகலாம். நாளொன்றுக்கு ஒரு பிடியரிசியின் விலையைத் திங்கள்தோறும் கொடுத்தல் எவர்க்கும் அரிதன்று. அப்பணம் கட்டடத்திற்குச் செல்லாது, வீட்டுத் துன்பத்தால் நிற்கவிருக்கும் பிள்ளையின் குடும்பத்திற்கே செல்லுதல் வேண்டும். பெறுவோர் பெயரை மேடையிற் கூறுதல் கூடாது. எக்குலத்துப் பிள்ளையென்று வினவுதலும் கூடாது. 1889-இல் வினவாததை இன்று வினவுதல் நமக்கு இழிவு.

நான்காவது, வணிகப் பெருமக்கள் ஓர் உறுதி கொள்ளுதல் வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த சான்று கொணராத எப்பிள்ளையையும் கடையில் அமர்த்துவதில்லை என்று உறவின்முறைக் கூட்டத்தில் ஒருமித்து முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் பிள்ளை அடுத்த கடைக்குப் போவான்; அனைவரும் செய்தால் பள்ளிக்குத் திரும்புவான்.

மாணவச் செல்வங்காள்! உங்களுக்கும் ஒரு சொல். பரிசு பெற்றோர் மேன்மேலும் உயர்க. தேர்விற் பிழைபட்டோர் நாணி வீட்டினுள் ஒளிதல் வேண்டா. தவறிய பாடத்தை அவ்வாண்டிலேயே துணைத்தேர்வில் எழுதித் தேறி, உடனே மேல்வகுப்பிற் சேர அரசினர் வழிவகுத்துள்ளனர். உங்கள் வகுப்பில் ஓரிடம் திடீரென வெறுமையாயின், முதலில் அறிபவர் நீங்களே. அவன் எங்கே போனான், அவள் ஏன் வரவில்லை என்பதை உங்கள் ஆசிரியரிடம் வந்து கூறுங்கள். அது கோள் சொல்லுதல் ஆகாது, நட்பின் கடமையாகும்.

கல்வி என்னும் சொல் ‘கல்லுதல்’, அதாவது தோண்டுதல், என்பதனடியாகப் பிறந்ததென்பர். மணலைத் தோண்டுவோன் இடையில் நிறுத்தினால் மணல் மீண்டும் சரிந்து மூடிவிடும்; நீர் காணும் வரை தோண்டியவனே குடிப்பான். நம் பள்ளியிற் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் நீர் காணும் வரை தோண்டுமாறு நாம் அருகில் நிற்போமாக. அடுத்த ஆண்டு இதே மேடையில் அவ்விரண்டாம் பக்கமும் வாசிக்கப்பெறுதல் வேண்டும். அதில் நின்றோர் தொகை குறைந்து காணும்பொழுது, இன்று கைகொட்டியதினும் மிகுதியாய் நாம் கைகொட்டுவோம்.

 வாழ்க நம் பள்ளி! வளர்க அதன் பிள்ளைகள்!